சாட்சிக்காரனை விட்டுவிட்டு உங்களிடம் வந்திருக்கிறேன்

பெறுநர்: சட்டமன்ற உரிமங்களுக்கான குழு, பிரதிநிதிகள் சபை, கேசோன் சிட்டி, பிலிப்பைன்ஸ்

மதிப்புக்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கோர்ட்டுக்கு அலைந்து சாட்சியைக் கெஞ்சுவதற்குப் பதில், எதிராளியிடமே நேரே போய்ப் பேசி முடித்துக்கொள் என்று அர்த்தம். உங்கள் நாட்டில் ஜிஎம்ஏ தொலைக்காட்சியில் பின்னிரவில் வரும் செய்தியின் பெயர் 'சாக்ஸி'. தாகலோக்கில் அதற்குச் சாட்சி என்றுதான் பொருள். எங்கள் சாட்சியும் உங்கள் சாக்ஸியும் ஒரே சமஸ்கிருதச் சொல்லின் பிள்ளைகள். முதலில் அந்தச் செய்திப் பிரிவுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதும் இந்தப் பழமொழி நினைவுக்கு வந்து பேனாவை மூடிவிட்டேன். ஒரு சேனல் ஒளிபரப்பலாமா கூடாதா என்ற பேச்சு உங்கள் மேசையில்தான் தொடங்குகிறது. 2020-இல் ஒரு சேனலோடு மல்லுக்கு நின்றதும் உங்கள் குழுதான். அதனால் உங்கள் காலிலேயே விழுகிறேன்: இரவுச் செய்திகளின் பதிவு அழியாமல் இருக்க ஒரு வழி செய்யுங்கள்.

தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தாகலோக் காதால் வந்தது, கைக்கு வரவில்லை.

நான் நாகப்பட்டினத்துக்காரன். துபாயில் ஓர் ஓட்டலின் கணக்குப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். தங்கியது சத்வாவில், பெட் ஸ்பேஸ். ஒரு அறையில் ஆறு கட்டில். அதில் நாலு பேர் உங்கள் ஊர்க்காரர்கள். மூத்தவரை எல்லோரும் 'குயா' என்போம். அண்ணன் என்று அர்த்தம். லேய்ட்டே தீவில் பாலோ என்கிற ஊர் அவருக்கு. எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது கருவாடு. அவர் 'தூயோ' வறுக்க ஆரம்பித்தால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடுவார்கள். நான் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருவேன். கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு அந்த வாசனை சொந்தக்காரன் மாதிரி. அவர் வினிகரில் தொட்டுக்கொள்வார், நான் அம்மா கொடுத்தனுப்பிய மோர்மிளகாயோடு சாப்பிடுவேன்.

மணிலாவில் இரவு 11 மணி என்றால் துபாயில் 7 மணி. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சோறு வடித்து முடிக்கும் நேரம். அரிசி மூட்டையின் மேல் லேப்டாப்பை வைத்துச் செய்தி போடுவார் குயா. சில நாள் சாக்ஸி, சில நாள் போட்டிச் சேனலான ஏபிஎஸ்-சிபிஎன்னின் 'பண்டிலா'. முதல் மாதம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சொற்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. வாசிப்பவர் வணக்கம் சொல்லும்போது கடைசியில் ஒரு 'போ' வருகிறது, மரியாதைக்காம். நாம் 'வணக்கங்க' என்று ஒரு 'ங்க' சேர்ப்பது போல. முகத்துக்கு 'முக்கா', ஆசிரியருக்கு 'குரோ'. செய்திக்கு அவர்கள் சொல்லும் 'பலீத்தா' என்ற சொல், மலாய் வழியாக அங்கே போன வார்த்தா என்கிறார்கள். அதே சொல் எங்களிடம் வார்த்தை ஆகிவிட்டது. ஒரே வித்து உங்கள் மண்ணில் செய்தியாகவும் எங்கள் மண்ணில் சொல்லாகவும் முளைத்திருக்கிறது. இதைக் குயாவிடம் சொன்னபோது அவர் பெரிதாக அசரவில்லை. தாகலோக் அவருக்கே தாய்மொழி இல்லை. வீட்டில் பேசுவது வாராய். தாகலோக்கை அவரும் பள்ளிக்கூடத்திலும் தொலைக்காட்சியிலும்தான் கற்றாராம்.

அந்தச் செய்தியின் கதையை அவரிடம் கேட்டும் பிறகு நானே தேடியும் தெரிந்துகொண்டேன். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் கேட்கப் போவது அந்தக் கதையிலிருந்துதான் வருகிறது.

உங்கள் ஊரில் பின்னிரவுச் செய்தி என்றால் ரொம்ப காலம் ஆங்கிலம்தான். ஏபிஎஸ்-சிபிஎன்னின் 'தி வேர்ல்டு டுநைட்' 1966-இல் தொடங்கியது. 1980-களில் ஜிஎம்ஏயில் 'தி 11:30 ரிப்போர்ட்' வந்தது. பத்திரிகைகளிலும் அதே பிரிவினைதான்: பெரிய தாள்கள் ஆங்கிலத்தில், டேப்ளாய்டுகள் பிலிப்பினோவில். இரவு பதினொன்றரைக்கு விழித்திருந்து செய்தி பார்க்கிறவன் கோட் போட்டவனாகத்தான் இருப்பான் என்று நினைத்திருப்பார்கள் போல. ஜீப்னி என்கிற ஷேர் வண்டியை ஓட்டி முடித்து வீட்டுக்கு வருகிறவனுக்கும் அதே நேரம்தான் சோறு என்பது யாருக்கும் தோன்றவில்லை. 1972 செப்டம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் மார்கோஸ் இராணுவச் சட்டம் கொண்டுவந்தபோது, 22-ஆம் தேதி இரவிலிருந்தே பத்திரிகை அலுவலகங்களையும் நிலையங்களையும் பூட்டினார்கள். மார்கோஸ் தொலைக்காட்சியில் தோன்றி விஷயத்தைச் சொன்னது மறுநாள் மாலை. வேர்ல்டு டுநைட்டும் அதோடு நின்று, மார்கோஸை இறக்கிய 1986 மக்கள் எழுச்சிக்குப் பிறகுதான் திரும்பி வந்தது. 1972-க்கு முந்தைய ஒளிப்பதிவுகளில் பெரும்பகுதி இன்று யாரிடமும் இல்லை.

எழுச்சிக்குப் பிறகு மொழி மாறியது. 1987 அரசியல் சட்டம் தேசிய மொழிக்குப் பிலிப்பினோ என்றே பெயர் வைத்தது. அதே வருடம் மார்ச்சில் ஏபிஎஸ்-சிபிஎன் 'டிவி பேட்ரோல்' என்று பிலிப்பினோவில் மாலைச் செய்தி ஆரம்பித்தது. வானொலிக்காரர்களின் வேகம், தெருவில் பேசுகிற மொழி. அதில் செய்தி வாசித்த நோலி டே காஸ்ட்ரோ 2004-இல் உங்கள் துணைக் குடியரசுத் தலைவரே ஆகிவிட்டார். எங்கள் ஊரில் சினிமாக்காரர்கள் முதல்வரானபோது உலகம் சிரித்தது. உங்களைப் பார்த்தபின் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சாக்ஸி 1995 அக்டோபர் 2-ஆம் தேதி பிறந்தது. மைக் என்ரிக்கெஸும் கேரன் டாவிலாவும் வாசித்தார்கள். மைக் வானொலியில் ஊறியவர். தொண்டை கட்டினால் நேரலையிலேயே 'எக்ஸ்க்யூஸ் மீ போ' என்று சொல்லிவிட்டுத் தொடர்வார். அதைச் சொல்லிக் காட்டாத பிலிப்பினோவை நான் பார்த்ததில்லை. 2023 ஆகஸ்டில் அவர் இறந்த செய்தி வந்த அன்று, சவூதியில் இருக்கும் குயா எனக்கு அனுப்பிய குரல் பதிவில் வேறு எதுவும் இல்லை, அந்த மூன்று சொற்கள் மட்டும்.

பிறக்கும்போது சாக்ஸி பின்னிரவுச் செய்தியாக இல்லை. 2002-இல் ஜிஎம்ஏ தன் நெட்வொர்க் நியூஸை முடித்துக்கொண்டு, அந்தப் பின்னிரவு இடத்தில் சாக்ஸியை உட்கார வைத்தது. விக்கி மொராலெஸும் ஆர்னல்ட் கிளாவியோவும் நீண்ட காலம் வாசித்தார்கள். 2014-இல் விக்கி மாலைச் செய்திக்குப் போக, பியா ஆர்காங்கெல் வந்தார். போட்டிக்கு ஏபிஎஸ்-சிபிஎன் 2006 நவம்பர் 27 அன்று பண்டிலாவை இறக்கியது. பண்டிலா என்றால் கொடி. கொரினா சாஞ்செஸ், செஸ் ட்ரிலோன், ஹென்றி ஒமாகா-டியாஸ் மூவரும் தொடங்கி வைத்தார்கள். 2008 ஜூனில் சூலு தீவில் செய்தி சேகரிக்கப் போன செஸ்ஸையும் அவரது ஒளிப்பதிவாளர்களையும் அபு சயாஃப் கும்பல் கடத்தியது. பத்து நாள் போல ஆயிற்று அவர் விடுதலையாகி வர. செய்தி வாசிக்கிறவரே செய்தியாகிப் போனார். ஆக, ஆங்கிலம் தூங்கப் போகும் முன் கேட்கிற மொழியாக இருந்த இடத்தை, பத்து வருடத்துக்குள் உங்கள் சொந்த மொழி பிடித்துக்கொண்டது. சட்டம் போட்டு வந்த மாற்றம் இல்லை. இரண்டு சேனல்கள் விளம்பரத்துக்காக அடித்துக்கொண்டதில் வந்தது. அதில் தவறில்லை, சண்டையிலும் சில நல்லது நடக்கும்.

பின்னிரவுச் செய்தியின் மதிப்பு அதன் நேரத்தில் இருக்கிறது. மாலைச் செய்தி ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டும். இரவுச் செய்தி வரும்போது ஓட்டம் நின்று மூச்சு வாங்கும் நேரம். 2010 ஆகஸ்ட் 23 நினைவிருக்கும். மணிலாவின் ரிசால் பூங்கா பக்கம் ஹாங்காங் சுற்றுலாப் பயணிகள் இருந்த பேருந்தை, வேலை நீக்கம் செய்யப்பட்ட ரோலாண்டோ மெண்டோசா என்ற போலீஸ் அதிகாரி துப்பாக்கி முனையில் பிடித்து வைத்தார். காலையில் தொடங்கியது இரவுவரை போனது. எல்லாச் சேனலும் நேரலை. அவருடைய தம்பியைப் போலீஸ் இழுத்துப் போவதும் நேரலை. பேருந்துக்குள் டிவி இருந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டுப் பயணிகள் செத்துப் போனார்கள். பகலெல்லாம் காட்டிய அதே கேமராக்காரர்கள் அன்று இரவு பதினொரு மணிக்கு என்ன சொன்னார்கள், எந்தத் தொனியில் சொன்னார்கள், தங்களைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டார்களா? இதழியல் படிக்கிற ஒரு பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்கிறது? அந்த ஒளிபரப்பை முழுசாகப் பார்க்க அவள் எங்கே போவாள்?

2001 ஜனவரி 16 இன்னொரு இரவு. அன்றைய குடியரசுத் தலைவர் எஸ்ட்ராடா மீதான பதவி நீக்க விசாரணையில், வங்கிக் கணக்கு விவரம் இருந்த உறையைப் பிரிப்பதா வேண்டாமா என்று செனட் வாக்களித்தது. வேண்டாம் என்று 11 பேர், பிரி என்று 10 பேர். அந்த இரவே எஸ்எம்எஸ் பறந்து, மக்கள் எட்சா சாலைக்குக் கிளம்பினார்கள். நாலு நாளில் எஸ்ட்ராடா மாளிகையைக் காலி செய்தார். ஒரு ஆட்சி கவிழத் தொடங்கியது மக்கள் படுக்கப் போகிற நேரத்தில்.

சரி, இப்போது குயாவின் இரவுக்கு வருகிறேன். எந்தச் சேனல் என்று சொல்லப் போவதில்லை, அது அவர்கள் குற்றமும் இல்லை.

2013 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. எங்களுக்கு விடுமுறை நாள். உங்கள் நேரப்படி விடிவதற்குள் யோலாண்டா புயல் சாமர் தீவில் கரை ஏறி, லேய்ட்டேவை நோக்கி வந்துவிட்டது. துபாயில் அப்போது நள்ளிரவு தாண்டிய நேரம். குயா தூங்கவே இல்லை. கடைசியாக அம்மாவோடு பேசியது முந்தின நாள். அதற்குப் பிறகு போன் போகவில்லை. அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் போகவில்லை.

வானிலைத் துறைக்கு உங்கள் ஊரில் 'பாகாசா' என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, நம்பிக்கை என்ற பொருள் வருகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் 'ஆசா' எங்கள் ஆசையேதான். அந்தத் துறை எச்சரிக்கை கொடுத்திருந்தது. கடல் பொங்கி ஏறும் என்று சொல்லியிருந்தது. ஆனால் சொன்ன சொல் 'ஸ்டார்ம் சர்ஜ்'. பிலிப்பினோவில் செய்தி வாசித்தவர்களும் அந்த ஆங்கிலச் சொல்லைத்தான் வாசித்தார்கள். பாலோவுக்குப் பக்கத்து நகரமான டாக்லோபானில் தப்பிப் பிழைத்த பலர் பிறகு சொன்னார்கள்: அப்படியென்றால் என்னவென்று தெரியவில்லை, சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று. 'டாலுயோங்' என்று ஒரு சொல் உங்களிடமே இருந்தது. அதைப் பரவலாகத் தூக்கிப் பிடித்தது பிறகுதான். இதைக் கேட்டபோது எனக்கு முதுகு சில்லிட்டது. 2004 டிசம்பர் 26 காலையில் எங்கள் நாகை மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் போனார்கள். சுனாமி என்ற சொல் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அன்று மாலைதான் தெரியும். கடல் பெருசாக வருகிறது என்று கத்தியவர்களின் மொழிதான் அன்று சிலரைக் காப்பாற்றியது. யோலாண்டாவில் செத்தவர்களின் அரசுக் கணக்கும் 6,000-க்கு மேல்தான்.

மூன்றாவது நாளா நாலாவது நாளா, இரவுச் செய்தியில் பாலோ வந்தது. நிருபர் பேசிக்கொண்டே நடக்கிறார். பின்னால் பெரிய கிறிஸ்தவக் கோவில், கூரை முழுக்கப் பிய்த்துப் போய் வெறும் சுவர் நிற்கிறது. குயா 'தேக்கா, தேக்கா' என்றார். பொறு, பொறு. படத்தை நிறுத்தினார். கருவாட்டு எண்ணெய் படிந்த விரலைத் திரையில் வைத்து, கோவிலுக்கு வலது பக்கம் ஒரு மின்கம்பம், அதைத் தாண்டிச் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல், அதைக் காட்டினார். 'இதற்குப் பின்னாலதான் எங்க வீடு' என்றார். அந்தக் குவியலுக்கு மேலே ஒரு தகரம் வளைந்து கிடந்தது. அதைப் பார்த்து, தகரம் இருக்கிறது, அப்படியென்றால் தண்ணீர் கூரைவரை வரவில்லை என்று எனக்கு விளக்கினார். எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினேன். அதை மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி, அன்று இரவு எத்தனை தடவை பார்த்தாரோ. எட்டாவது நாள் தம்பி போன் செய்தான். அம்மா பள்ளிக்கூடத்து மாடியில் இருந்தார்கள்.

பல வருடம் கழித்து, அம்மா வயதாகிக் காலமான பிறகு, குயா என்னிடம் ஒரு உதவி கேட்டார். 'உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமே, அந்த இரவுச் செய்தியை எடுத்துக் கொடு' என்றார். எதற்கு என்று கேட்டேன். 'எங்க தெருவோட படம் வேற எதுவும் எங்கிட்ட இல்லை. ஆல்பமெல்லாம் தண்ணியில போச்சு' என்றார். நான் தேடினேன். யோலாண்டா பற்றித் துண்டு துண்டாக எவ்வளவோ கிடைத்தது, விருது வாங்கிய காட்சிகள் கிடைத்தன. அந்த நடை, அந்தக் கம்பம், அந்தத் தகரம் கிடைக்கவில்லை. அந்தச் சேனல் உங்கள் நாட்டில் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. ஒரு இரவின் செய்தியை முழுசாகப் பத்திரப்படுத்தி, கேட்கிறவனுக்குக் காட்டு என்று சொல்கிற சட்டமே இருப்பதாகத் தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

ஒரு முதியவரின் தெருப்படத்துக்காக நாடாளுமன்றத்தையா தொந்தரவு செய்வது என்று கேட்பீர்கள். அப்படியென்றால் 2016-க்குப் பிறகான இரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் கொலைகள் பெரும்பாலும் இரவில் நடந்தன. போலீஸ் நடவடிக்கையில் இறந்ததாக அரசே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 6,000-க்கு மேல். மனித உரிமை அமைப்புகள் சொல்வது அதைப் போலப் பல மடங்கு. இரவு ஷிப்ட் நிருபர்களும் புகைப்படக்காரர்களும் மணிலா போலீஸ் தலைமையகத்தில் காத்திருந்து, தகவல் வந்ததும் ஒன்றாகக் கிளம்பிப் போனார்கள். 2017 ஆகஸ்ட் 16 இரவு கலோகானில் கியான் டெலோஸ் சான்டோஸ் என்ற 17 வயதுப் பையனைச் சுட்டார்கள். எதிர்த்துச் சுட்டான் என்றது போலீஸ். பாரங்காய் என்கிற உள்ளூர் வட்டத்தின் கண்காணிப்புக் கேமராவில் அவனை இழுத்துக்கொண்டு போவது பதிவாகியிருந்தது. 'போதும், நாளைக்கு எனக்குப் பரீட்சை இருக்கிறது' என்று அவன் கெஞ்சியதை அக்கம்பக்கத்தார் கேட்டிருந்தார்கள். அந்தக் காட்சி வீடு வீடாகப் போனதால்தான் ஊர் கொதித்தது. அடுத்த வருட நவம்பரில் மூன்று போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது. 2025 மார்ச்சில் அந்த ஒழிப்பை நடத்திய முன்னாள் குடியரசுத் தலைவர் டுடெர்டேயைக் கைது செய்து, ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்த வருடங்களின் ஒவ்வொரு இரவுச் செய்தியும் இன்று வெறும் பழைய நிகழ்ச்சியா? உங்களில் அவரை ஆதரிப்பவர்கள் இருப்பீர்கள், எதிர்ப்பவர்களும் இருப்பீர்கள். யார் பக்கம் பேசினாலும் பதிவு முழுசாக இருந்தால்தானே பேச்சு.

அப்புறம் 2020. மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் பண்டிலா நின்றது, சாக்ஸியும் நின்றது. ஏபிஎஸ்-சிபிஎன்னின் 25 வருட உரிமம் மே 4-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாள் தொலைத்தொடர்பு ஆணையம் நிறுத்தச் சொல்லி உத்தரவிட, இரவு 7:52-க்குத் திரை இருண்டது. ஜூலை 10-இல் உங்கள் குழு 70-க்கு 11 என்று புது உரிமத்தை மறுத்தது. சாக்ஸி செப்டம்பரில் திரும்பி வந்தது. பண்டிலா வரவில்லை. உங்கள் முடிவு சரியா தப்பா என்று வாதாட நான் வரவில்லை. எனக்கு ஒரு கருத்து உண்டு, குயாவுக்கு அதைவிடச் சூடான கருத்து உண்டு, இரண்டும் இங்கே வேண்டாம். நான் கவனித்தது வேறு. பதின்மூன்று வருடத்துக்கும் மேல் ஓடிய ஒரு செய்தி நிகழ்ச்சி நின்றபோது, அதன் நாடாக்களுக்கும் கோப்புகளுக்கும் என்ன கதி என்று அந்த விவாதத்தில் எனக்கு ஒரு கேள்விகூடக் காதில் விழவில்லை. உரிமம் உங்களுடையது, கட்டிடம் அவர்களுடையது. பதிவாகியிருந்த இரவுகள் யாருடையவை?

நான் கேட்பது ஒன்றுதான். இனி எந்தச் சேனலுக்கு உரிமம் கொடுத்தாலும் அந்தச் சட்டத்தில் ஒரு ஷரத்து சேருங்கள்: அன்றன்றைய செய்தி நிகழ்ச்சியின் முழு ஒளிபரப்பையும், விளம்பரம் உட்பட வெட்டாமல், தேசிய நூலகத்திலோ நீங்கள் நியமிக்கும் காப்பகத்திலோ ஒரு படி ஒப்படைக்க வேண்டும். புத்தகம் அச்சிட்டால் படி கொடுக்கும் விதி உங்களிடம் 1975 முதலே இருக்கிறது. புத்தகத்துக்கு உள்ளது செய்திக்கும் இருக்கட்டும். ஏபிஎஸ்-சிபிஎன்னுக்கு மறுபடி உரிமம் கேட்கும் மசோதாக்கள் 2020-க்குப் பிறகும் தாக்கலாகியிருக்கின்றன. ஜிஎம்ஏக்கு 2017-இல் கொடுத்த 25 வருடமும் ஒருநாள் முடியும், அவர்களும் உங்கள் வாசலுக்கு வருவார்கள். கேட்க அதுதான் நேரம். பழைய நாடாக்களுக்கும் ஒரு கெடு வையுங்கள். 90-களின் காந்த நாடா உங்கள் ஊர் ஈரக் காற்றில் பூஞ்சை பிடித்துப் போகும். எங்கள் கடற்கரையிலும் அதே கதைதான், கல்யாண கேசட் வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

செலவா? நான் கணக்குப் பிள்ளை, போட்டுக் காட்டுகிறேன். அரை மணி நேர நிகழ்ச்சி, வாரத்துக்கு ஐந்து நாள், வருடத்துக்கு 260 நாள்: மொத்தம் 130 மணி நேரம். மணிக்கு 4 ஜிபி என்று தாராளமாக வைத்தாலும் 520 ஜிபி. ஒரு வருடத்துப் பின்னிரவுகள் சட்டைப்பையில் போடுகிற ஒரு டிஸ்கில் அடங்கிவிடும். பாதுகாப்புக்கு மூன்று பிரதி, இரண்டு ஊர்களில். அதற்கும் ஒரு ஆள் சம்பளம், ஒரு ஏசி. உங்கள் குழு அறையின் காபிச் செலவோடு ஒப்பிடலாம், ஆனால் அந்த பில்லை நான் பார்த்ததில்லை.

முன்மாதிரி வேண்டுமென்றால் இருக்கிறது. 1968-இல் அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து இன்சூரன்ஸ்காரர் ஒருவர், பால் சிம்ப்சன், நியூயார்க் போனபோது செய்தி நிகழ்ச்சிகளை இரண்டு வாரத்தில் அழித்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதிர்ந்து போனார். அந்த வருட ஆகஸ்ட் 5 முதல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மாலைச் செய்திகளை நாள் தவறாமல் பதிவு செய்ய ஏற்பாடு செய்தார். 1973-இல் சிபிஎஸ் நிறுவனம் வழக்குப் போட்டது. 1976-இல் வந்த காப்புரிமைச் சட்டம், செய்தியைப் பதிவு செய்து வைக்கும் உரிமையை நூலகங்களுக்குக் கொடுத்துவிட, வழக்கு பிசுபிசுத்தது. பிரான்சில் 1992-இல் சட்டமே போட்டு, தொலைக்காட்சி ஒளிபரப்பையும் புத்தகம் மாதிரி ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒரு ஊரில் இன்சூரன்ஸ்காரர் செய்தது, இன்னொரு ஊரில் நாடாளுமன்றம் செய்தது. உங்கள் ஊரில் யார் முதலில் செய்தாலும் சரி.

இதில் ஆபத்தும் உண்டு, மறைக்கவில்லை. இரவுச் செய்தியில் பிணங்கள் இருக்கின்றன, சின்னப் பிள்ளைகளின் முகம் இருக்கிறது, கைவிலங்கோடு நின்று பிறகு குற்றமற்றவர் என்று விடுதலையானவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் இணையத்தில் கொட்டச் சொல்லவில்லை. நூலகத்தில் வந்து, பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, உட்கார்ந்து பார்க்கட்டும். வெளியே எடுத்துப் போக அனுமதி தனியாகக் கேட்கட்டும். சேனலின் காப்புரிமை சேனலிடமே இருக்கட்டும். எங்கள் தாலுகா ஆபீஸில் பழைய பத்திரத்துக்கு நகல் வாங்குவது போல, கொஞ்சம் அலைச்சல் இருந்தாலும் பரவாயில்லை. போய்க் கேட்க ஒரு ஜன்னல் இருந்தால் போதும்.

நான் இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன். மணிலாவில் 11 மணி என்றால் இங்கே எட்டரை. சாப்பிடும்போது யூடியூபில் சாக்ஸி போடுவேன், என் மனைவி 'ஆரம்பிச்சாச்சா உங்க சாட்சி' என்பாள். முப்பது வருடம் தாண்டிவிட்டது அதற்கு. அண்மைய வருடங்கள் அங்கே கிடைக்கின்றன. முதல் வருடங்களில் நான் தேடியவரை கிடைப்பதெல்லாம், யாரோ வீட்டு விசிஆரில் பிடித்து வைத்து ஏற்றிய கோடு விழுந்த துண்டுகள்தான். மைக் என்ரிக்கெஸ் இளமையாக, கறுத்த முடியோடு, அரை நிமிடம் பேசுவார். நடுவில் வெட்டிவிடும்.

நீங்கள் ஷரத்து சேர்த்து, காப்பகம் திறந்து, ஜன்னல் வைத்தால் முதல் விண்ணப்பம் என்னுடையது. குயா இப்போது ஜித்தாவில் இருக்கிறார், அவர் சார்பில் நான் அனுப்புகிறேன். கேட்கும் காட்சி: பாலோ, கூரையில்லாத கோவில், வலது பக்கம் மின்கம்பம், வளைந்த தகரம். தேதி 2013 நவம்பர் 10-ஆ 11-ஆ என்று எனக்கும் அவருக்கும் இன்னும் தகராறு ஓடுகிறது. படிவத்தில் இரண்டையும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சத்வாவில் கருவாடு தின்ற ஒரு நாகப்பட்டினத்துக்காரன்